மீன்காட்டிக்கு வைத்த பொட்டு

ஜனவரி 4, ஞாயிறு

காலை −9. வெயில் உண்டு, சூடில்லை. ஏரியில் ஐஸ் பதினைந்து சென்ரிமீற்றர். மீன்பிடிச் சங்கம் இன்று முதல் அனுமதி.

புதுக் கொப்பி. எனது இரண்டாவது. முதலாவதில் முழுக்க அ, ஆ, என் நண்பன் குணம் போட்ட சிவப்புச் சரிகள். இதில் சரி போட ஆள் இல்லை, எனக்கு மட்டும். எழுபத்து நாலு வயதில் என் பெயரை நானே எழுதிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. குசினியிலிருந்து மனைவி பூமணி: "என்ன, கொப்பியைப் பாத்துப் பல்லைக் காட்டுறியள்?"

எழுதக் கை நோகிறது. ஆகவே பூமணி = பூ. மீன்காட்டி = மீ.கா. குணத்தின் பெயரை மட்டும் முழுதாக எழுதுவேன். எனக்கு எழுத்துத் தந்த ஆள்.

மீ.கா.வும் அவர் தந்ததுதான். யாரோ எறிந்த பெட்டியை எடுத்து, கண் ஒப்பரேசன் முடிந்த கையோடு குந்தியிருந்து திருத்தி, நான் ஒரு முழுப் பக்கம் தடக்காமல் வாசித்த அன்று கையில் வைத்தார். சிறிய பெட்டி. அதில் ஒரு திரை. அதிலிருந்து வயர். வயர் நுனியில் எலுமிச்சங்காய் அளவில் கறுப்புக் குமிழ். குமிழை ஐஸ் துளைக்குள் இறக்கினால், அது தண்ணீருக்குள் சத்தம் போட்டு, திரும்பி வருவதைக் கேட்கும். அடித்தரை ஒரு கோடு, மீன் ஒரு கோடு.

நேற்று சாமி அறையில் வைத்து, தேங்காய் உடைத்து, குமிழின் அடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். தண்ணீருக்குள் போவது அதுதானே. பொட்டுக் கரைந்தால் சகுனம் சரியில்லை என்றாள் பூ. அதற்கு மேலே ஒட்டுநாடாவைச் சுற்றி ஒட்டினேன். அருமையான வேலை.

ஏரியில் மூன்று மணித்தியாலம். திரை வெறுமை. மீனும் இல்லை, தரையும் இல்லை. பக்கத்துத் துளை ஜேர்மன்காரர் ஹெர்பெர்ட் எட்டிப் பார்த்து, "கபுட்" என்றார், பழுதாம்.

ஜனவரி 6, செவ்வாய்

விடுமுறை. பனி கொட்டியது. பேருந்தில் குணம் வீட்டுக்கு.

போகும் வழியில், பின் இருக்கையில் இருந்து, ஒட்டுநாடாவை உரித்துப் பொட்டைத் துடைத்தேன். குணத்துக்குக் கோயில், குளம் ஆகாது. என் சைக்கிள் விளக்கில் திருநீறு கண்டு, "என்ன அண்ணை, விளக்குக்குத் தலையிடியோ?" என்று ஒரு வருடம் கேட்ட ஆள்.

அவர் வீட்டுப் பின்பக்கம் மழைத்தண்ணீர்ப் பீப்பா. மேல் ஐஸைச் சுத்தியலால் உடைத்து, குமிழை இறக்கினார். உடனே தரைக்கோடு. பளிச்சென்று.

"நல்லாத்தானே கிடக்கு?"

"ஏரியிலை ஒண்டும் காட்டேல்லை, குணம்."

"குளிருக்குப் பற்றரி விழுந்திருக்கும். கோட்டுக்குள்ளை வைச்சுக் கொண்டுபோங்கோ."

தேத்தண்ணி. இஞ்சி போட்டது. சந்தோசமாக வந்தேன். வீட்டுக்கு வந்து மறுபடி பொட்டு, மறுபடி ஒட்டுநாடா. பொட்டில்லாமல் ஒரு சாமானைத் தண்ணீரில் இறக்க எனக்கு மனம் வராது.

ஜனவரி 10, சனி

−11. மூக்கு மயிர் உறைந்தது. பற்றரி கோட்டுக்குள், நெஞ்சோடு. சூடாக இருந்தது. திரை வெறுமை.

ஹெர்பெர்ட், யார் திருத்தியது என்று கேட்டார். என் நண்பன் என்றேன். அந்த நண்பனிடம் தன் வானொலியைக் கொடுக்க மாட்டாராம். நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், பொங்கல் விழா நடத்துகிற தவராசா தொலைபேசியில், பொங்கல் மண்டபத்துக்குக் கதிரை அடுக்க ஆள் வேண்டுமாம். கதையோடு கதையாக, "குணம் திருத்தின பெட்டி சரிவரேல்லை" என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வாங்க வேண்டும்: பேனை, கறிவேப்பிலை, பூ.வுக்கு மூட்டுத் தைலம்.

ஜனவரி 11, ஞாயிறு

மறுபடி குணம் வீடு. மறுபடி பேருந்தில் உரித்தேன். நாடாவின் பசையை நகத்தால் சுரண்டினேன். எதிரே இருந்த அம்மா பார்த்துக்கொண்டே வந்தார்.

குணம் பெட்டியை முழுதாகக் கழற்றினார். ஸ்பிரிட்டால் முனைகளைத் துடைத்தார். வயரை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்த்தார். உருப்பெருக்கிக் கண்ணாடி, அதற்கு மேல் இன்னொரு கண்ணாடி. ஒரு சிறு திருகாணி கையிலிருந்து மூன்று முறை விழுந்தது. நான்தான் தேடி எடுத்தேன்.

பீப்பாவில் நல்ல கோடு.

"எனக்கு விளங்கேல்லை அண்ணை. இஞ்சை வேலை செய்யுது, அங்கை செய்யேல்லை. எங்கையோ ஒரு ஈயப் பற்று விட்டுப் போய்க் கிடக்கு, என்ரை கண்ணுக்குப் பிடிபடுதில்லை."

"விடும் குணம். பழைய சாமான்."

"சாமான் பழசில்லை. ஆள்தான் பழசு."

அவர் சிரிக்கவில்லை. தொழிற்சாலையில் முப்பது வருடம் மற்றவர்கள் கைவிட்டதைத் திருத்திய ஆள்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

மண்டபத்துக்குள் பொங்கப் பயம், புகைமணி அடிக்கும். வாசலில் காஸ் அடுப்பு. காற்று. பால் பொங்க ஒன்றரை மணித்தியாலம். பூ. நல்ல சேலை.

சாப்பாட்டு வரிசையில் தவராசா, எல்லாருக்கும் கேட்கும்படி:

"குணம் அண்ணை, உங்கடை பெட்டி மீனைக் காட்டேல்லையாமே? தண்ணியையாவது காட்டுமோ?"

சனம் சிரித்தது. குணம் தட்டைப் பார்த்தபடி, "கண் போனாப் பிறகு கை என்ன செய்யும்?" என்றார். வடை எடுக்காமல் போய்விட்டார். வடையை விடுகிற ஆள் இல்லை.

பொங்கல் புக்கையைத் தொடாமல் வைத்தேன். தவராசாவுக்குச் சொன்னவன் நான்.

ஜனவரி 17, சனி

இதை மெதுவாக எழுத வேண்டும்.

−6. வழக்கம்போல் பொட்டு, ஒட்டுநாடா. குமிழை இறக்கும்போது துளை விளிம்பில் நாடா கிழிபட்டது. தூக்கினேன். நாடா தொங்கியது. பிடித்து இழுத்தேன், முழுதாக வந்தது. குங்குமம் தண்ணீரில் ஒரு சிவப்புக் கீறாகப் போய் மறைந்தது. சரி போகட்டும் என்று இறக்கினேன்.

திரையில் தரை. ஆறு மீற்றர். தரைக்கு மேல் இரண்டு கோடு, அசையும் கோடு!

கத்திவிட்டேன். ஹெர்பெர்ட் ஓடி வந்தார். தூண்டிலை அந்த ஆழத்துக்கு இறக்கி ஆட்டினேன். கோடு மேலே வந்தது, தூண்டிலைத் தொட்டது, கையில் இழுப்பு. வரிப்போட்ட பார்ஷ் மீன், முழங்கை நீளத்தில் பாதி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஊரில் கடலில் வலை வலையாக அள்ளியவன், இரண்டு மீனுக்கு ஐஸில் முழங்காலில் நின்று சிரித்தேன்.

பிறகு பையில் இருந்த ஒட்டுநாடாச் சுருளைக் கண்டேன். ஒரு துண்டு வெட்டிக் குமிழில் சுற்றி இறக்கினேன். வெறுமை. உரித்தேன். தரை. மறுபடி ஒட்டினேன். வெறுமை.

வயரும் இல்லை. பற்றரியும் இல்லை. குணத்தின் கையும் இல்லை. நான்.

மீன் பொரித்தாள் பூ. நல்ல மீன் என்றாள். ஓம் என்றேன்.

ஜனவரி 18, ஞாயிறு

சொல்லவில்லை.

குணம் தொலைபேசி எடுத்தார். "நேற்றுப் போனனீங்களோ? காட்டினதோ?"

"ஐஸ் சரியில்லை, போகேல்லை." பொய். சட்டென்று வந்தது.

"இனி என்னட்டைக் கொண்டு வராதேங்கோ அண்ணை. பிழையாத் திருத்தி ஆருக்கும் ஷொக் அடிச்சால் பாவம். செவ்வாய்க்கிழமை திருத்திற ஆயுதமெல்லாம் பெட்டியிலை போட்டு றோட்டிலை வைக்கப் போறன். வேணுமெண்டவை எடுக்கட்டும்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. "பூமணி கூப்பிடுறா" என்றேன்.

பூ. பக்கத்தில்தான் நின்றாள். "நான் எப்ப கூப்பிட்டனான்?"

எல்லாம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "சாமிக்கு வைச்சதை ஒளிச்சியள். மனிசனுக்குப் பொய் சொன்னியள். இப்ப ரெண்டு பேருக்கும் முன்னாலை நிக்க ஏலாது."

அந்த ஆள்தான் என் கையைப் பிடித்து 'ழ' எழுத வைத்தவர். மூன்று நாள் 'ழ'. ஒரு நாளும் சலிக்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

மழையும் பனியும். கால் நோ. வைத்தியர் குறித்த நேரம், ரேர்மின், பதினொரு மணி. போய் வந்தேன். குணம் வீடு அங்கிருந்து இரண்டு தரிப்பு. இறங்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

முதல் பேருந்து. ஒட்டுநாடா உரிக்கவில்லை. மீ.கா.வைப் பொட்டோடு கொண்டுபோனேன்.

நடைபாதையில் மட்டைப்பெட்டி. மேலே ஜேர்மனில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. அது எனக்கு இன்னும் வாசிக்க வராது, ஆனால் இந்த ஊரில் றோட்டோரப் பெட்டிக்கு வாசிப்புத் தேவையில்லை. உள்ளே குறடுகள், அளவுக் கருவி, உருப்பெருக்கிக் கண்ணாடி. சோல்டரிங் அயனை ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "நைன், நைன், இது என்னுடையது" என்று பிடுங்காத குறையாக வாங்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று படி ஏறினேன். நாரி, இடுப்பெல்லாம் பிடித்தது.

கதவைத் திறந்த குணம்: "அண்ணை, அதை ஏன் உள்ளை கொண்டு வாறியள்?"

குமிழை நீட்டினேன். நாடாவுக்குள் பொட்டு. பேருந்தில் உரித்தது, வீட்டில் ஒட்டியது, தவராசா, சனிக்கிழமை மீன், ஞாயிற்றுக்கிழமைப் பொய், எல்லாம் நின்ற நிலையிலேயே சொன்னேன்.

வாங்கிக்கொண்டு பீப்பாவுக்குப் போனார். இறக்கினார். வெறுமை. உரித்தார். கோடு. இரண்டு முறை செய்து பார்த்தார்.

"நாடாவுக்குள்ளை காத்து. காத்துக்குள்ளாலை சத்தம் போகாது." அவ்வளவுதான் முதலில். பிறகு, என்னைப் பார்க்காமல்: "நான் சிரிப்பன் எண்டோ ஒளிச்சனீங்கள்?"

"ஓம்."

"சிரிச்சிருப்பன்தான். ஒரு நிமிசம் சிரிச்சுப்போட்டு உரிச்சிருப்பன். நீங்கள் என்னை ரெண்டு கிழமை குருடனாக்கி வைச்சிருக்கிறியள்."

மன்னிப்புக் கேட்டேன்.

"இண்டைக்குப் போங்கோ அண்ணை."

போனேன். மீ.கா. அவர் கையில். ஆயுதப் பெட்டி வீட்டுக்குள்ளே இருந்தது. அதை மட்டும் பார்த்தேன்.

ஜனவரி 21, புதன்

தவராசாவுக்கு நானே எடுத்துச் சொன்னேன், பிழை என்னுடையது என்று. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். சனிக்கிழமை ஹெர்பெர்ட்டுக்கும் சொல்ல வேண்டும்.

குணம் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஜனவரி 22, வியாழன்

வெயில். கூரைப் பனி சொட்டுகிறது.

மத்தியானம் மணி அடித்தது. குணம். சொல்லாமல் ஒரு நாளும் வருகிற ஆள் இல்லை. சப்பாத்தைக் கழற்றவில்லை. கையில் மீ.கா.

பூ. தேத்தண்ணி கொண்டு வந்தாள். "பிறகு, அக்கா" என்றார். "சந்தனம் கிடக்கோ?"

பூ. என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். சாமி அறையிலிருந்து கிண்ணம் வந்தது.

குணம் கண்ணாடியை மூக்கில் சரிசெய்து, பெட்டியின் முன்பக்கம், திரைக்குச் சற்று மேலே, சுண்டுவிரலால் ஒரு பொட்டு வைத்தார். வட்டமாக வந்தது.

"இனி இதிலை வையுங்கோ அண்ணை. பெட்டியைத் திருத்திறவனுக்குத் தெரியட்டும்."