ஏழு மானிட்டரும் பழுப்பு

8-6-2004, செவ்வாய்
காலை ஏழு மணிக்கே வெயில். கரண்ட் பத்து மணிக்குத்தான் வந்தது.

முதலில் நடந்த அநியாயத்தை எழுதி வைக்கிறேன். என் மனைவியின் தம்பி குணசேகரன், பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன், யாரோ ஓட்டிக் கழித்த மானிட்டரைப் புது அட்டைப்பெட்டியில் போட்டு என் தலையில் கட்டிவிட்டான். அக்கா புருஷன் என்றுகூடப் பார்க்கவில்லை. அதனால் என் கடையில் நான் டிசைன் போட்டுக் கொடுத்த ஜெயங்கொண்டம் முந்திரிக்காட்டுக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை பாழ். பொண்ணுடைய கூரைப்புடவை ரவிக்கையிலிருந்து விரல் அகலத் துணி வெட்டிக் கொடுத்து, இந்த அரக்குதான் பார்டருக்கு வேணும் என்றிருந்தார். ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துத்தான் நிறம் கலந்தேன். திருச்சி பிரஸ்ஸிலிருந்து கருநீலமாக வந்து இறங்கியது. ஆயிரம் பத்திரிகையும்.

இன்று வந்து கட்டோடு மேஜைமேல் போட்டார்.

“பெரியவரே, மாப்பிள்ளை வூட்டுக்காரங்களைத்தான் அழைக்கச் சொன்னேன். நீங்க சனீஸ்வரனையும் சேத்து அழைச்சிருக்கீங்க.”

கூட வந்த அவர் தம்பி: “நாலு மூலையிலயும் மஞ்சள் தடவிப் பாத்தோம்ணே. பாசி புடிச்ச மாதிரி இருக்கு.”

பிரஸ்ஸுக்குப் போன் போட்டேன். “நீங்க அனுப்புன ஃபைல்ல அதாங்க இருந்துச்சு.” வைத்துவிட்டான்.

திங்கள் காலைக்குள் திருத்திய ஃபைல் போக வேண்டும். ஆனியில் கல்யாணம். இரண்டாவது தடவையும் தப்பினால்? அந்த வீட்டில் நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் என் பத்திரிகையைத்தான் சொல்வார்கள். காபி வேண்டாம் என்றுவிட்டேன்.

9-6, புதன்
மானிட்டர் பழசு என்பதற்கு அத்தாட்சி:
– வெள்ளைப் பக்கம் திறந்தால் பழுப்பு. பழைய பேப்பர் மாதிரி.
– எழுத்து ஓரத்தில் கலங்கல்.
– வெளிச்சமான இடத்தைச் சுற்றி வளையம்.

குணசேகரனுக்குப் போன்.

“மச்சான், சீல் உடைக்காத பெட்டி. நீங்கதானே பிளேடை வச்சுக் கிழிச்சீங்க?”

“பெட்டி புதுசுதான்டா. உள்ள இருந்தது?”

“அப்ப தெர்மாகோலும் பழசா மச்சான்? அதையும் எவனாவது ஓட்டிக் கழிச்சானா?”

சிரிக்கிறான். இனிமேல் என் வாசப்படி மிதிக்காதே என்றேன். சிரிப்பு நின்றது. இவள், அவன் அக்கா, அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு வைத்தாள், குழம்பை நானே ஊற்றிக்கொண்டேன்.

மருமகள் தேவகிதான் கடையில் தமிழ் டைப் அடிப்பவள். ஸ்கிரீனை எட்டிப் பார்த்தாள். “மாமா, வெள்ளை வெள்ளையாத்தானே இருக்கு?”

“உனக்கு டைப் அடிக்கத்தான் தெரியும்” என்றேன். போய் உட்கார்ந்துகொண்டாள்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பது வருஷம் எடைமேடை குமாஸ்தா. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, ஐம்பத்தாறு வயதில், டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் புத்தகம் படித்தவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை. இன்னொருத்தர் வந்து எனக்கு வெள்ளை எது என்று சொல்ல வேண்டியதில்லை.

திருச்சியில் புது மானிட்டர் பார்த்துவிட வேண்டியதுதான். கவனிக்க:
– 19 இஞ்ச், தட்டை முகம். 1600க்கு 1200 புள்ளி வர வேண்டும். அந்த அளவில் எழுத்து நடுங்கக் கூடாது. திரை மினுக்காமல் இருக்க 85 ஹெர்ட்ஸ்; இல்லை என்றால் வேண்டாம்.
– சுவரில் மாட்டுகிற மாதிரி மெலிசாக வருகிறதே, அது வேண்டாம். தலையை அசைத்தால் நிறம் அசைகிறது. பழைய மாதிரி பின்பக்கம் பெருத்ததுதான் நிறத்துக்கு நல்லது.
– போட்டு அரை மணி சூடான பிறகே பார்ப்பது.
– கடைக்காரன் காட்டும் கிளி படம், பூ படம் பார்த்து ஏமாறக் கூடாது. நம் ஃபைலை சிடியில் கொண்டுபோக வேண்டும்.
– ரவிக்கைத் துணி, குங்குமப் பொட்டலம், மஞ்சள் துண்டு.

11-6, வெள்ளி
திருச்சி. விடியற்காலை பஸ். சிமெண்ட் லாரிக்குப் பின்னாலேயே பாதி தூரம். துணிப்பையை மடியில் வைத்திருந்தேன்.

மூன்று கடை. மொத்தம் ஏழு மானிட்டர். எழுதவே பயமாக இருக்கிறது. ஏழும் பழுப்பு.

முதல் கடையில் இரண்டு. சரி, திருட்டுப் பயல் என்று நினைத்தேன். இரண்டாவது கடையில் என் கண் முன்னாலேயே பெட்டியைப் பிரித்தார்கள். அதுவும் பழுப்பு. மூன்றாவதில் ஒரு பெண், நடுவயது, பொறுமையானவள். வரிசையாக நாலு வைத்திருந்தாள். வெள்ளைப் பக்கம் போடச் சொன்னேன். நாலும் ஒரே பழுப்பு. ஒரு ஊர் முழுக்கவா பழசை விற்பார்கள்?

மஞ்சளையும் குங்குமத்தையும் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். “சார், கோயில்லேர்ந்து நேரா வரீங்களா?” என்றாள். துடைத்தும் விட்டாள்.

“வெள்ளை சரியில்லையேம்மா.”

“இருங்க சார், நீலத்தைக் கூட்டுறேன்.” கீழே பட்டனை அமுக்கினாள். “இப்ப?”

“இப்பத் தேவலை.”

“ஐயோ சார், பட்டன் அமுங்கவே இல்லை. இன்னும் கூட்டலை.”

பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. என் சிடியைப் போட்டாள். “கருநீல பார்டர் எடுப்பா இருக்கு சார்” என்றாள். நான் ரவிக்கைத் துணியைப் பைக்குள் திணித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எதையும் வாங்கவில்லை.

பஸ்ஸில் என் வேட்டியைப் பார்த்தேன். பழுப்பு. பக்கத்து ஆள் சட்டை, பழுப்பு. கண்டக்டர் கிழித்த டிக்கெட் என்ன நிறம் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

12-6, சனி
கடை திறக்கவில்லை. உடம்பு சரியில்லை என்றேன்.

கொல்லையில் இவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். வாளியைப் பார்த்து வழக்கம்போல, “நீலம் பத்தலை” என்றேன்.

சொட்டு நீலம் பாட்டிலைக் கல்லில் நங்கென்று வைத்தாள். “மாசி மாசத்துலேர்ந்து பத்தலை பத்தலைன்னு எத்தனை பாட்டில்! ஆகாசத்தைக் கட்டிக்கிட்டுப் போறாருன்னு தெருவே சிரிக்குது. நீங்களே வேட்டியைத் தூக்கிப் பாருங்க.”

தூக்கிப் பார்த்தேன். பழுப்புதான்.

மாசி. மானிட்டர் வாங்கியது சித்திரையில்.

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பத்திரிகைக் கட்டை மேஜைமேல் போட்டாரே, அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எனக்கு அது அரக்காகத்தான் தெரிந்தது. இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம், தப்பாப் போச்சு என்று தலையை ஆட்டினேன்.

அப்பாவுக்கு அறுபத்தைந்தில் பார்வை போனது. நிலைப்படியிலிருந்து கொல்லைக் கதவு வரை கயிறு கட்டியிருந்தோம், பிடித்துக்கொண்டு நடக்க. எனக்கு இந்த ஐப்பசியில் அறுபத்துநாலு.

யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் யார் என்னிடம் பத்திரிகை கொடுப்பார்கள்?

13-6, ஞாயிறு
மேகமூட்டம். மழை இல்லை.

தெரியாமல் வைத்துக்கொண்டு நாளைக்கு எதை அனுப்புவது? அரக்கு என்று நினைத்து எதையோ அனுப்பிவிட்டால்? பச்சையாகக்கூட இருக்கலாம். முழுக் காலையும் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஐந்து விதமாகக் கலந்தேன். ஐந்தும் ஒன்று.

மத்தியானம் தேவகியைக் கூப்பிட்டேன். பத்திரிகையையும் ரவிக்கைத் துணியையும் நீட்டினேன்.

“இது என்ன கலர்?”

“கருநீலம் மாமா.”

“இது?”

“அரக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “ஏன் மாமா, உங்களுக்கு?” என்றாள்.

துணியை மடித்தேன். அவளே சொன்னாள்: “பத்திரிகை ஃபைலைப் பாத்தப்பவே தோணுச்சு. சொன்னா, உனக்கு டைப் அடிக்கத்தான் தெரியும்பீங்க.”

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. ஸ்கிரீனில் இருந்த ஐந்தையும் காட்டினேன். இரண்டு கருநீலம், ஒன்று கத்தரிப்பூ, ஒன்று கறுப்பு, கடைசிதான் ஓரளவு அரக்கு என்றாள். ஐந்தில் ஒன்று.

“புரையா இருக்கும் மாமா. எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான். ஆபரேஷன் ஆனதும் ‘வானம் இவ்ளோ நீலமாடி’ன்னு அழுதாரு.”

புரை என்றால் சரி. அப்பாவுக்கு வந்தது என்னவென்று யாரும் பார்க்கவில்லையே. அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்? கண்ணில் ஊசி போடுவார்களாம். வீட்டில் இவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் தம்பியைப் பற்றிக் கேட்பாள்.

14-6, திங்கள்
காலை ஆறு மணி. செய்ய வேண்டியவை, யார் யார்:

தேவகி – பார்டர் நிறத்தை அவளே கலக்க வேண்டும். எட்டு மணிக்குள். நான் பக்கத்தில் உட்காரக் கூடாது. (உட்காருவேன். வாய் திறக்கக் கூடாது.)

பிரஸ் – முதல் தாளை மட்டும் அடித்து நிறுத்த வேண்டும். தேவகி நேரில் போய்ப் பார்த்துச் சரி என்ற பிறகு மீதி.

முந்திரிக்காட்டுக்காரர் – அந்தத் தாளை அவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தாளை எடுத்துப் போவது நான். என்ன தப்பு, யார் தப்பு என்று அங்கேயே சொல்வதும் நான்.

இவள் – என் துணிக்கு நீலம் போடுவதை நிறுத்த வேண்டும். காரணம் கேட்பாள். சொல்வது நான். காபிக்கு முன்னால்.

புது மானிட்டர் – இப்போது வேண்டாம். இருப்பதே புதுசு. கண் சரியான பிறகு, வாங்கினால், பார்த்து எடுப்பது நான்தான். அதில் மாற்றம் இல்லை.

கண் ஆஸ்பத்திரி – வியாழன், திருச்சி. மருந்து ஊற்றுவார்களாம், தனியாகத் திரும்ப முடியாதாம், துணைக்கு ஓர் ஆண் ஆள் இருந்தால் நல்லது என்று நேற்று சாயங்காலம் போனில் சொன்னார்கள். மகன் திருப்பூரில், லீவு கிடையாது. பெரம்பலூரிலிருந்து கிளம்பி வரக்கூடியவன் ஒருவன்தான். வாசப்படி மிதிக்காதே என்று சொன்னது நான். போனில் கூப்பிட வேண்டியது – நான்.