சிரிப்புக்கு முன்னே ஈரச்சாக்கு

மே 14, திங்கள்

இன்று எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதை முனியாண்டி சாமி சாட்சியாக முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பிறகு ஒருவரும் என்னைக் குறை சொல்லக்கூடாது.

காலை பத்து மணியளவில், தெல்தெனிய வீதியோரம் தொழில் நடத்தும் இராஜலிங்கம் ஆகிய என்னுடைய தலையணைத் தொழிற்சாலையின் முற்றத்தில் ஒரு குரங்கு இறங்கியது. சாதாரணக் குரங்கில்லை. கண்டி இராச்சியத்துத் திசாவை என்ற அதிகாரி ஒருவர் வரிப்பணம் பார்க்க வந்ததுபோல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தது. கயிற்றில் வெயிலுக்குப் போட்டிருந்த தலையணையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தது. தலையை ஆட்டியது. தூக்கிக்கொண்டு பலாமரத்தில் ஏறி, கவட்டையில் வைத்துத் தலை சாய்த்து, கால்மேல் கால் போட்டுத் தூங்கிவிட்டது. அது விட்ட குறட்டையில் பல்லேகல கிரிக்கெட் மைதானத்தில் மழை வரப்போகிறதென்று பிட்ச்சை மூடிவிட்டார்களாம்.

கமலம் வெளியே வந்து, "தலகாணி எங்க?" என்றாள். என் தர்மபத்தினி. சொன்னேன். ஒரு பானைச் சோறு வேகும் நேரம் என்னையே பார்த்தாள்.

"யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க?"

நான் பஸ் கண்டக்டராக இருந்த காலத்துச் சிநேகிதர்களுக்குச் சில தலையணைகளை அன்பளிப்புச் செய்ததுண்டு. ஆகவே அவளுடைய சந்தேகத்துக்கு வரலாற்று ஆதாரம் இருக்கிறது. ஆனால் போனது சும்மா தலையணை இல்லை. கண்டி வாவிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் அனீஸா மேடம் தலைவைத்துப் பார்த்து, "இதே மாதிரி அறுபது, பெரஹராவுக்கு முந்தி" என்று சொல்லிவிட்டுப் போன, மாதிரிக்குச் செய்த தலையணை. பெரஹரா என்றால் கண்டியின் யானை ஊர்வலத் திருவிழா, அறைக்கு அடிபிடி நடக்கும் காலம். கடையெல்லாம் ஸ்பொஞ்ச் தலையணை வந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த ஒரே பெரிய ஓடர். இதுவும் தவறினால் மடுவத்தைப் பூட்டிவிட்டு வத்தளைக்கு மகள் வீட்டுக்குப் போவது என்று கமலம் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். மடுவம் என்று அவள் சொல்வது, வீட்டுக்குப் பின்னாலிருக்கிற தகரக் கொட்டில். நான் தொழிற்சாலை என்று சொல்வதும் அதைத்தான்.

மகள் வீடு மூன்றாம் மாடி. அங்கே என் கதையைக் கேட்க லிஃப்ட்தான் இருக்கிறது.

மே 15, செவ்வாய்

ஐயோ.

இலவம்பஞ்சு வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொட்டை நீக்கி அடித்த பஞ்சு மூச்சுப் பட்டாலே எழும்பும். அதனால் மடுவத்தில் ஃபேன் கிடையாது, ஜன்னல் திறப்பது கிடையாது, மூக்கு வாயெல்லாம் துணி. தும்மலென்றால் வெளியே போய்த்தான் தும்மவேண்டும். உள்ளே இரண்டு பேர்: ராக்கம்மா, அவளுடைய மருமகள் அங்கம்மா.

அப்படிப்பட்ட இடத்தில்தான் குரங்கு விவகாரத்தை எடுத்துரைத்தேன். எப்போதும் ஏதாவது சொல்வதுதான்; அவர்களும் துணிக்குள் "ஊம்" கொட்டுவார்கள். ஆனால் இன்று குறட்டை வரைக்கும் வந்தபோது ராக்கம்மாவுக்கு அடக்க முடியவில்லை. அவளுடைய சிரிப்பு சின்னச் சிரிப்பு இல்லை. தேயிலைத் தோட்டத்தில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு ஆள் கூப்பிட்ட தொண்டை. முகத்துத் துணி பறந்தது. பஞ்சு எழும்பியது. அங்கம்மா மூச்சு முட்டிக் கதவைத் திறந்தாள். அவ்வளவுதான்.

ஒரு வாரம் அடித்த பஞ்சு வீதிக்குப் போனது. தெல்தெனிய பஸ் வைப்பர் போட்டுக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுச் சீதா காயவைத்த மிளகாயெல்லாம் வெள்ளை. நுவரெலியாவில்கூட இப்படிப் பனி பார்த்ததில்லை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, பாவம், சிரிக்காமல் பொறுக்கினாள். பஞ்சில் ஒரு பகுதி மகாவலியில் விழுந்து திருகோணமலைக் கடல்வரை போனதாகக் கேள்வி.

கமலம் சிரிக்கவில்லை.

மே 16, புதன்

தீர்ப்பு: "ஓடர் முடியுற வரைக்கும் நீங்க மடுவத்துக்குள்ள காலு வைக்கக்கூடாது. வாயும்தான்."

மே 19, சனி

கண்டியின் கடைசி ராஜாவை வேலூருக்கு அனுப்பினார்கள். என்னைக் கொய்யாமரத்தடிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பழைய தகர பரலும் (எண்ணெய்ப் பீப்பாய்), கவட்டைக் கம்பும் கொடுத்திருக்கிறார்கள். பரலுக்குள் இலவங்காயை உடைத்துப் போட்டு, கம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தயிர் கடைவதுபோலக் கடைந்தால் கொட்டை கீழே போகும், பஞ்சு மேலே வரும். அதுதான் உத்தியோகம். கொட்டைகளுக்குக் கதை சொல்லிப் பார்த்தேன். நல்ல சபை, ஆனால் "ஊம்" இல்லை.

மடுவத்துக்குள் மயான அமைதி. ஆனால் தலையணைகள் விறுவிறுவென்று வெளியே வருகின்றன. கமலத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம். "பாத்தீங்களா" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

மே 26, சனி

முதல் பாதியை, வாடகைக்கு ஓடும் நஸீமின் வேனில் ஏற்றி அனுப்பியாயிற்று. தூக்கி ஏற்றும்போது நஸீம் "பாரமா இருக்கே மாமா, உள்ளுக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டான். இராவணனின் பத்தாவது தலைக்குச் செய்த தலையணை, பாரமாகத்தான் இருக்கும் என்றேன்.

அப்போதே யோசித்திருக்கவேண்டும். கதை சொல்கிற வாய்க்குக் காது கிடையாது.

ஜூன் 2, சனி

அனீஸா மேடம் போனில் அழைத்தார். கமலம் பேசினாள், சத்தம் எனக்கும் கேட்டது.

"மாதிரி காட்டினது ஒண்டு, அனுப்பினது வேற ஒண்டால்ல ஈக்கிது கமலம். கல்லு மாதிரி. ஒரு வெள்ளக்காரர் களுத்தப் புடிச்சிக்கிட்டுத்தான் காலச்சாப்பாட்டுக்கு வந்தாரு. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க. பெரஹராவுக்கு முந்தி ஏலாட்டி சொல்லிருங்க, நான் ஸ்பொஞ்ச் வாங்குறேன்."

மனுஷி கோபப்படக்கூட இல்லை. அதுதான் கஷ்டமாயிருந்தது.

நஸீம் பின்னேரமே கொண்டுவந்து இறக்கிவிட்டான். கமலம் அந்தக் குவியலின்மேல் போய் உட்கார்ந்தாள். நல்ல தலையணை என்றால் ஆள் உள்ளே இறங்கவேண்டும். அவள் இறங்கவில்லை. பலகையில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தாள்.

"வத்தளைக்கே போயிருவோங்க."

என் வாய்க்குள் இரண்டு பகிடி தயாராக இருந்தன. சொல்லவில்லை. என்னத்தச் சொல்றது? முப்பது வருஷமா பஞ்சுத் தூசிய முழுங்கி முழுங்கி இருமுறவ. அவளிட்ட போயா?

ஜூன் 3, ஞாயிறு

கமலம் ஒரு தலையணையைப் பிரித்துக் கொட்டினாள். பஞ்சு முழுக்க முடிச்சு முடிச்சாக, உருண்டை உருண்டையாக இருந்தது. கொழுக்கட்டை கணக்கு. "அந்த மாதிரிக்குச் செஞ்ச தலகாணி இருந்தாக்கூட ரெண்டையும் கைவச்சுப் பாக்கலாம்" என்று சொல்லி என்னைப் பார்த்தாள். நான் பலாமரத்தைப் பார்த்தேன்.

ராக்கம்மாவைக் கூப்பிட்டு விசாரணை. முந்தியும் நீங்கள்தான் அடைத்தீர்கள், இப்போதும் நீங்கள்தான், பஞ்சும் அதே பஞ்சு, பிறகு ஏன் இப்படி என்று கமலம் கேட்டாள். ராக்கம்மா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். பிறகு சொன்னாள்:

"பேச்சு ஒன்னும் இல்லாட்டி கை என்னா செய்யும் கமலம்? எப்படா முடியும், வீட்டுக்குப் போவோம்னு பஞ்ச அப்பிடியே குத்தித் திணிக்கும். அண்ணே கத சொன்னா, அடுத்தது என்னான்னு கேட்டுக்கிட்டே விரலு பஞ்ச இழுத்துக்கிட்டு இருக்கும். குத்த மறந்துரும்ல."

சரித்திரத்தில் பொய்க்கு இவ்வளவு உயர்ந்த சான்றிதழ் எவருக்கும் கிடைத்ததில்லை. கமலம் பஞ்சு உருண்டை ஒன்றைக் கையில் வைத்துப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 4, திங்கள்

போயா, பௌர்ணமி விடுமுறை. கமலம் யோசிக்கிறாள். யோசிக்கும்போது வெங்காயம் உரிப்பாள். பகல் சாப்பாட்டுக்கு வெங்காயக் குழம்பு, வெங்காயச் சம்பல், வெங்காயப் பொரியல்.

ஜூன் 5, செவ்வாய்

சிம்மாசனம் மீண்டது. ஒரு பிளாஸ்டிக் கதிரை, மடுவத்தின் மூலையில்.

நிபந்தனைகள் உண்டு. நானும் வாயில் துணி கட்டவேண்டும். கை ஆட்டக்கூடாது (இது பாதிக் கதையை வெட்டுவதற்குச் சமம்). சிரிப்பு வரும் இடம் நெருங்கும்போது பக்கத்திலிருக்கிற பால்மா டின்னைக் கம்பால் தட்டவேண்டும். தட்டினதும் பெண்கள் இரண்டு பேரும் ஈரச்சாக்கை இழுத்துப் பஞ்சை மூடுவார்கள். மூடின பிறகு நான் மீதியைச் சொல்லலாம், அவர்கள் சிரிக்கலாம். சிரித்து முடிந்து மூச்சு அடங்கினபிறகு சாக்கை எடுக்கலாம். எல்லாம் கமலத்தின் மூளை.

இத்தனை வருஷமாகக் கதை சொல்கிறேன். சிரிப்பு எங்கே வருமென்று முன்கூட்டி அறிவிக்கச் சொன்னது இவள் ஒருத்திதான்.

முதல் கதை: நான் கண்டக்டராயிருந்தபோது ஒரு யானை அரை டிக்கட் கேட்ட வரலாறு. இடம் வந்தது. டின்னைத் தட்டினேன். சாக்கு விழுந்தது. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். ஒரு சத்தமில்லை.

அங்கம்மா மெதுவாகக் கேட்டாள்: "இதுக்கா மாமா சாக்கு போட்டோம்?"

அதற்குத்தான் ராக்கம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்லவேளை, சாக்கு போட்டிருந்தது.

ஜூன் 11, திங்கள்

தட்டுகிற விதம் பிடிபட்டுவிட்டது. இரண்டு தரம் சும்மா தட்டவேண்டும், ஒன்றும் வராமல். அவர்கள் திட்டிக்கொண்டே சாக்கை எடுப்பார்கள். மூன்றாம் தரம் "இந்தா, இதுவும் பொய்" என்று அசட்டையாக மூடும்போது சொல்லவேண்டும்.

இன்று சும்மா விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதை ஓடும்போது ராக்கம்மாவின் பெருவிரலும் சுட்டுவிரலும் பஞ்சைப் பூப்போலப் பிய்க்கின்றன, அவளுக்கே தெரியாமல். பார்த்துக்கொண்டிருந்ததில் கதையை மறந்துவிட்டேன். "பொறகு?" என்று அதட்டினாள்.

கமலம் கதவோரம் உறை தைத்துக்கொண்டு இருக்கிறாள். வாயில் துணி. சிரிக்கிறாளா, இல்லையா என்று தெரியவில்லை. தையல் மெஷின் மட்டும் இடையிடையே நிற்கிறது.

ஜூன் 24, ஞாயிறு

திரும்பி வந்தது எல்லாம் பிரித்துப் புதிதாக அடைத்தாயிற்று. என் தொண்டை கட்டிவிட்டது. கமலம் கொத்தமல்லி அவித்து மடுவத்துக்கே கொண்டுவந்தாள். "பேசுறவருக்கு" என்று அங்கம்மாவிடம் நீட்டினாள்.

ஜூலை 13, வெள்ளி

கடைசித் தலையணை. கமலம் அதை முகத்தில் அமுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

ஜூலை 15, ஞாயிறு

அனுப்பியாயிற்று. இந்த முறை நஸீம் வேனை மெதுவாக ஓட்டினான். தலையணைகள் இருக்கிற லேசுக்கு வேன் எழும்பி மகாவலியைப் பாலமில்லாமலே கடந்துவிடும் என்று பயமாம். (அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன்.)

ஜூலை 25, புதன்

பெரஹரா நடக்கிறது. கண்டியே நிரம்பி வழிகிறது. அனீஸா மேடம் போன். கமலம் போனை என் காதுப் பக்கமும் சாய்த்துப் பிடித்தாள்.

"லிங்கம் அண்ணன், ஒரு கெஸ்ட் பெரஹரா பாக்கண்டே டிக்கட் எடுத்து வெச்சிட்டு, சும்மா கொஞ்சம் சாயுறேன்னு படுத்தவரு முழுசாத் தூங்கிட்டாரு. இப்ப என்னோட சண்டை."

ஜன்னலுக்குக் கீழே நூறு யானை, ஆயிரம் மேளம், பத்தாயிரம் தீப்பந்தம். மனிதர் புரண்டுகூடப் படுக்கவில்லை. இந்த எண்ணிக்கையெல்லாம் நான் போட்டது. தூங்கியது மேடம் சொன்னது. கட்டுகஸ்தோட்டையில் அவருடைய தங்கச்சி வீட்டுக்கும் தலையணை வேண்டுமாம்.

பின்னேரம் கமலம் மேல்வீட்டுச் செல்லச்சாமியிடம் போய், அவருடைய இலவமரத்துக் காயை வருகிற வருஷமும் வேறு ஒருவருக்கும் கொடுக்கவேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தாள். வத்தளைப் பேச்சே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜூலை 28, சனி

காலையில் நான் முற்றத்தில் காய் கடைந்துகொண்டிருந்தேன். கமலம் பலாமரத்தடியில் நின்று மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கையால் கூப்பிட்டாள், சத்தம் போடாமல்.

கவட்டையில் ஒரு தாய்க்குரங்கு, மடியில் குட்டி. அதற்குக் கீழே அழுக்கேறி, ஒரு பக்கம் கிழிந்து, நீலக்கோடு போட்ட உறை. கமலம் தன் கையால் தைத்த உறை அவளுக்குத் தெரியாதா? குட்டி அதிலிருந்து பஞ்சைப் பிடுங்கிப் பிடுங்கிக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது.

கமலம் என் தோளில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். பிறகு விறுவிறுவென்று மடுவத்துக்குள் போனாள். நானும் பின்னால் போனேன்.

"ராக்கம்மா, இங்க கேளு, அந்தக் குரங்கு இருக்குல்ல..."

அவ்வளவுதான் சொன்னாள். டின்னைக்கூட ஒருவரும் தட்டவில்லை. ராக்கம்மாவும் அங்கம்மாவும் ஒரே நேரத்தில் ஈரச்சாக்கை இழுத்துப் பஞ்சை மூடிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"சொல்லு" என்றாள் ராக்கம்மா.

கமலம் அவர்களைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லுங்க."

சொன்னேன். ஒன்றும் கூட்டாமல், கையும் ஆட்டாமல், கண்டது கண்டபடி. என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய சிரிப்பு நான் வாங்கியதில்லை. கமலத்துக்கு முதலில் கோபம். பிறகு அவளும் உட்கார்ந்து சிரித்தாள், வாயில் துணி இல்லாமல், கண்ணைத் துடைத்துத் துடைத்து.

ஆகவே இந்தப் பக்கங்களை எவராவது வாசித்தால், அவர்களுக்காக ஒரு வாக்குமூலம். கையைப் பின்னால் கட்டினது நான் போட்டது. கால்மேல் கால், குறட்டை, பல்லேகல, எல்லாம் என் கைவேலை. ஒரு குரங்கு எங்கள் தலையணையைத் தூக்கிக்கொண்டு பலாமரத்தில் ஏறியது. அது மட்டும் உண்மை.