கோணலாகப் பூட்டிய டிரான்ஸ்ஃபார்மர்

உன் ப்ரீஆம்ப் இரைகிறது என்று உன் மனைவி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்தாங் பெர்ஜுந்தாயில் உன் வீட்டுக்குப் போனேன். சுவிட்சைத் தட்டியதும், தகரம் சூடேறும் அந்தப் பழைய வாடையோடு 'ம்ம்ம்' என்று ஒரே முனகல். நீ இருந்திருந்தால், "மாமியார் ஆரம்பிச்சிருச்சுடா" என்றிருப்பாய்.

கித்தார் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் அந்தப் பெட்டியை, பிஸ்கட் தகரத்தில் நாமே கட்டியது நினைவிருக்கிறதா? கோலசிலாங்கூரில் உன் மச்சான் கல்யாண விருந்துக்கு அதை வைத்துத்தான் வாசிக்க வேண்டும். அது வாசிக்கவிடாமல் முனகியது. நான் கரண்டைத் திட்டினேன், ஒயரைத் திட்டினேன், ஒயர் விற்ற கடைக்காரனையும் விடவில்லை. நீ பேசாமல் கித்தாரைக் கழற்றினாய். இரைச்சல் நிற்கவில்லை.

"அப்ப திருடன் வீட்டுக்குள்ளதான் இருக்கான்" என்றாய்.

தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்த டிரான்ஸ்ஃபார்மரின் காந்த அலைதான் உள்ளே இருக்கும் ஒயரில் இரைச்சலாக ஏறுகிறது என்று கண்டுபிடித்தாய். திருகுகளைக் கழற்றிவிட்டு, ஷாக் அடிக்காமல் இருக்க ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சமையலறை மர அகப்பையால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாய். ஓரிடத்தில் முனகல் அடங்கியது. அங்கேயே புதுத் துளை போட்டுப் பூட்டிவிட்டாய். பார்க்கச் சகிக்கவில்லை, வாய் கோணிய மாதிரி.

"இத எடுத்துக்கிட்டா கல்யாணத்துக்குப் போற?" என்றேன்.

"காதுக்கு நேரா இருந்தா போதும்லா."

அன்று நீ வாசித்த வாசிப்பில் உன் மாமனாரே சோற்றுக் கையோடு எழுந்து நின்றார். உன் மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்போது பார்த்தால், டிரான்ஸ்ஃபார்மர் அழகாக நேராக உட்கார்ந்திருக்கிறது. பழைய துளைகளிலேயே. மேலே சந்தனம், குங்குமம்.

"ஆயுத பூசைக்கு அவரு சாமானெல்லாம் தொடச்சு வச்சேண்ணே" என்றாள் உன் மனைவி. "இது கோணலா இருந்துச்சு. நேரா பூட்டி பொட்டு வச்சேன். அன்னையிலேருந்துதான் இப்படி. நான் தொட்டு ரோசாக் ஆக்கி, கெடுத்துட்டேனா?"

நீ போனதிலிருந்து அவள் எல்லாவற்றுக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாள். ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே அழைத்துப் போயிருக்கலாம், உப்பைக் குறைத்திருக்கலாம். இதையும் அந்தக் கணக்கில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

"இல்லமா, உள்ள ஒயர் விட்டுப்போச்சு" என்றேன்.

"எனக்காகச் சொல்லாதீங்கண்ணே."

என்ன செய்வது? அகப்பை கேட்டேன். திருகைக் கழற்றி, உன்னைப் போலவே ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்லத் தள்ளினேன். பழைய கோணலுக்கு வந்ததும் முனகல் அடங்கிவிட்டது. "அவன் வேணும்னேதான்மா கோணலா வச்சான். நேரா வச்சா இரையும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளும் குனிந்து அந்தக் கோணலைப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னாள்:

"அந்த மனுசன் எதத்தாண்ணே நேரா வச்சாரு! சட்டப் பட்டனக்கூட நாந்தான் மாத்திப் போட்டு விடணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயை முந்தானையால் பொத்தியும் அடங்காமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நீ போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு. கார் ஓட்டி வரும்போது வழியெல்லாம் அதுதான் காதில் இருந்தது, இன்னும் இருக்கிறது. நீ கேட்டிருக்க வேண்டும்டா.