மூன்றில் ஒரு பங்கு

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

பதினைந்து ஆண்டுகள் தங்களுக்கு எதிர்க்கட்சியாக விளங்கிய மருத்துவமனைச் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் எழுதுவது. தங்கள் மகள் குடியிருக்கும் ஊரில் குளிர் கடுமை என்று கேள்விப்பட்டேன். கம்பளியை வெந்நீரில் நனைக்க வேண்டாம், சுருங்கிவிடும். தொழில் சார்ந்த இந்த அறிவுரையையே நலம் விசாரித்ததாகக் கொள்ளவும்.

முதலில் செய்தி. நான் பட்டதாரியாகிவிட்டேன். பணியில் இருப்போருக்கான வணிக மேலாண்மைப் பட்டம். இரண்டு ஆண்டுகள், சனி ஞாயிறு வகுப்புகள். இறுதித் திட்ட ஆய்வில் எங்கள் குழுவுக்கு வகுப்பிலேயே முதலிடம். இந்த வாக்கியத்தை வேறொரு தாளில் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இரண்டு முறையும் நன்றாகவே இருந்தது.

நான் படிப்பில் சேர்ந்த வாரத்தில் தாங்கள் என்னை நடைக்கூடத்தில் நிறுத்தி, "பெட்ஷீட் மடிக்கிறதுக்கு டிகிரி எதுக்கும்மா, மகாராணி?" என்று கேட்டீர்கள். சுற்றி நின்ற செவிலியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்கான பதில் என்னிடம் இன்று இருக்கிறது.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மீதியை நூலகத்திலும் இயந்திரக் கையேடுகளிலும் நானாகப் படித்துக்கொண்டவள் நான் என்பது தாங்கள் அறிந்ததே. என் இருபத்திரண்டு ஆண்டுப் பணி அனுபவத்தைக் கருதி, ஒரு நிபந்தனையின் பேரில் சேர்த்துக்கொண்டார்கள். இறுதித் திட்ட ஆய்வில் முதல் முயற்சியிலேயே நான் தேற வேண்டும். மற்றவர்கள் தவறினால் மறுபடி எழுதலாம். நான் தவறினால் இரண்டு ஆண்டுப் படிப்பும் செல்லாது.

அங்கே அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்பீர்கள். வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்பதற்கும் உள்ளபடியே அவருக்குத் தேவைப்படுவதற்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கச் சொல்லித் தருகிறார்கள். வீட்டில் தங்கமாக இருப்பவர்கள் அலுவலகப் படியேறியதும் ஏன் தகரமாகிறார்கள் என்பதற்கு ஒரு முழுப் பாடம் இருக்கிறது. பேச்சுவார்த்தைப் பாடத்தில், ஒரு கட்டடத்தைக் குத்தகைக்கு எடுப்பதுபோல் பேரம் பேசவைத்தார்கள். எனக்கு எதிரில் என் குழுவைச் சேர்ந்த வங்கி மேலாளர், நான்கு நிறப் பேனாக்களோடு அமர்ந்திருந்தார். பத்து நிமிடத்தில் என் நிபந்தனைகள் அனைத்துக்கும் தலையாட்டிவிட்டார். எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று பேராசிரியர் வியந்தார். மூன்றாம் வார்டின் தலைமைச் செவிலியரிடம் என்று தங்களைத்தான் சொன்னேன்.

இன்னொரு பாடமும் உண்டு. சரக்கு குறைவாக வருகிறது என்ற அச்சம் வந்துவிட்டால், பத்து மூட்டை வேண்டிய கடைக்காரர் பதினைந்து கேட்பார். அதைப் பார்த்து மொத்த வியாபாரி இருபத்தைந்து கேட்பார். தேவை வளராது, அச்சம்தான் வீங்கும். அந்தத் தேர்வில் எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. விடைத்தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று என் கணவர் கேலி செய்தார்; நான் அதைத் தீவிரமாகவே பரிசீலித்தேன்.

இறுதித் திட்டத்துக்கு உண்மையான பணியிடம் ஒன்றின் சிக்கலை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குழு நம் சலவைப் பிரிவைத் தேர்ந்தெடுத்தது. வார்டுகளில் ஏன் எப்போதும் விரிப்புத் தட்டுப்பாடு என்பதுதான் கேள்வி. இயந்திரங்கள் பழையவை, புதிதாக இரண்டு வேண்டும் என்று வங்கி மேலாளர் முதல் நாளே முடிவுரையை எழுதிவிட்டார். ஒன்பது ஆண்டுகளாகப் புதிய இயந்திரம் கேட்டு மனுப் போட்டவள் நான், மறுப்பேனா?

அட்டவணைக்காக வார்டுகளின் கோரிக்கைச் சீட்டுகளையும் நான் அனுப்பிய எண்ணிக்கையையும் கேட்டார்கள். ஒரு சீட்டைக்கூட எறியாமல் கோப்பில் வைத்திருந்தேன். பெருமையோடு அடுக்கினேன். கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் குறைவதைக் கண்டு வங்கி மேலாளர் காரணம் கேட்டார். கூட்டிக் கேட்பது அவர்கள் வழக்கம், அதனால் வெட்டுவது என் வழக்கம் என்றேன். அவர் கள்ளமில்லாமல்தான் கேட்டார்: "எப்பலேருந்து மேடம் கூட்டிக் கேக்குறாங்க?"

காட்டுகிறேன் என்று மிகப் பழைய கோப்பைத் திறந்தேன். முதல் சீட்டு தங்களுடையது. முப்பது கட்டில், நாளொன்றுக்கு அறுபது விரிப்பு, ஒன்றுகூட மிகையில்லை. அந்த வாரம் கொதிகலன் பழுது. நாற்பதுதான் அனுப்பினேன். மறுவாரம் தாங்கள் தொண்ணூறு எழுதினீர்கள். கொதிகலன் சரியாகிவிட்டது, ஆனால் தொண்ணூறைப் பார்த்துப் பேராசை என்று எண்ணி மறுபடியும் வெட்டினேன். அதைப் பார்த்து அடுத்த வார்டு நூற்றிருபது கேட்டது. அதன்பின் எல்லா வார்டுகளும் கேட்டதைக் கூட்டின, கிடைத்ததைப் பதுக்கின. முழு மதிப்பெண் வாங்கிய பாடம் ஆண்டுக்கணக்காக என் மேசையிலேயே கிடந்திருக்கிறது.

கோப்பை மூடிவிட்டு எழுந்து போய், உலர்த்தும் இயந்திரத்தின் அருகில் சிறிது நேரம் நின்றேன். அங்கே சத்தம் அதிகம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கருவி அலமாரியில் நாற்பத்தெட்டு விரிப்புகளை மறைத்ததாகத் தங்களுக்குக் குறிப்பாணை வந்ததே, அதற்கான புகாரை எழுதியது இந்தக் கைதான். அதன் விளைவாகத்தான் பணியின் கடைசி ஐந்து மாதங்கள் நோயாளிகளைப் பார்க்காமல், ஆவண அறையில் தாங்கள் தாள் அடுக்கினீர்கள்.

வங்கி மேலாளர் நல்ல மனிதர். குழுவில் நால்வருக்கும் ஒரே மதிப்பெண் என்பதும் என் நிபந்தனையும் அவருக்குத் தெரியும். "நீங்களே உங்க மேல பழியப் போட்டுக்காதீங்க மேடம். மெஷின் மேல போட்டுடுவோம். அது வாயத் திறக்காது" என்றார். நான் ஒன்பது வாரம் அவகாசம் கேட்டேன்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் அனுமதி பெற்று, வார்டுகள் கேட்டதைக் கேட்டபடியே, ஒன்றும் வெட்டாமல், காலை ஏழு மணிக்கு அனுப்பினேன். முதல் வாரம் புதன்கிழமையே கையிருப்பு தீர்ந்தது. கிடங்கின் அவசரகால விரிப்புகளை எடுத்துச் சமாளித்தோம். மூன்றாம் வாரம் ஒரு வார்டு நாற்பதைத் திருப்பி அனுப்பியது, சும்மா கிடக்கிறதாம். பிறகு அலமாரிகளிலிருந்தும், ஆக்சிஜன் உருளைகளின் பின்னாலிருந்தும், ஒரு மருத்துவரின் நாற்காலி மெத்தைக்கு அடியிலிருந்தும் விரிப்புகள் வெளியே வந்தன. ஒன்பதாம் வாரம் மூன்றாம் வார்டின் சீட்டில் அறுபது என்று எழுதியிருந்தது. புதிய இயந்திரம் ஒன்றுகூட வாங்கவில்லை, அக்கா.

தேர்வுக் குழுவில் ஐந்து பேர். நான்தான் விளக்கினேன். தட்டுப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று நடுவில் இருந்த அம்மையார் கேட்டார். வங்கி மேலாளர் மேசையைப் பார்த்தார்.

"மெஷினும் இல்ல, நர்ஸுங்களும் இல்ல. வெட்டினது நான்" என்றேன். எழுதி மனப்பாடம் செய்திருந்த செந்தமிழ் வாக்கியம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"நீங்க சொல்லாம இருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"சொல்லாம இருந்தா, அடுத்த மாசமே திரும்ப வெட்ட ஆரம்பிச்சிருப்பேன்."

அந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தம் ஊழியர்கள் விடுப்புக் கேட்டாலும் தாம் இப்படித்தான் வெட்டுவதாக மற்றவர்களிடம் மெதுவாகச் சொன்னார். முதலிடம் எங்களுக்கு என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெளியே வந்ததும் வங்கி மேலாளர் தம் நான்கு நிறப் பேனாக்களில் ஒன்றை எனக்குப் பரிசளித்தார்.

தங்களுக்கு வழங்கப்பட்ட குறிப்பாணையை நீக்கக் கோரி, திட்ட அறிக்கையை இணைத்து, கண்காணிப்பாளரிடம் மனு அளித்தேன். மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காம் முறை கையொப்பமிட்டார். ஆணையின் நகல் இத்துடன் உள்ளது. ஆவண அறையில் கழிந்த ஐந்து மாதங்களைத் திருப்பித்தர எந்த ஆணையாலும் இயலாது என்பதை அறிவேன்.

பட்டமளிப்பு விழாவுக்கு ஒவ்வொருவரும் இரண்டு விருந்தினரை அழைக்கலாம். ஒருவர் என் கணவர். புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். மற்றோர் அழைப்பிதழையும் இதே உறையில் வைத்திருக்கிறேன். பயணம் நீண்டது, முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், மகள் விட வேண்டும். எல்லாம் தெரிந்தேதான் கேட்கிறேன். தாங்கள் எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் விமான நிலைய வாசலில் நிற்பேன். அன்று முதலில் பேச வேண்டியவள் நான். பெருந்தன்மையாக எதையாவது சொல்லி என்னை முந்திக்கொள்ள வேண்டாம் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் உடல்நலம் நீடிக்க விழைந்து,
சலவைப் பிரிவு மேற்பார்வையாளர்,
வணிக மேலாண்மைப் பட்டதாரி