ஷமீனா பேர் வருகிற படம்

நவம்பர் 14, வெள்ளி

காலையிலிருந்து மலையெங்கும் பனிமூட்டம். ஏரி இருக்கட்டும், எதிர்க்கடைகூடத் தெரியவில்லை. மிளகு மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டேன், ஈரம் ஏறிவிடும். தேன் இரண்டு பாட்டில், காப்பித்தூள் கொஞ்சம். வியாபாரம் அவ்வளவுதான்.

ஜும்ஆ முடிந்து வந்ததும் ஷமீனா போன். அடுத்த வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. "பேரு கடைசியா ஓடும் அத்தா. சின்ன எழுத்து. படம் முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிராதீங்க."

சென்னையில் ஒரு சவுண்டு ஸ்டுடியோவில் உதவியாளர். காலடிச் சத்தம், மழை, பாத்திரம் உருள்வது, எல்லாவற்றையும் தனியாகப் பதிவு செய்து படத்தில் சேர்க்கிற வேலை. இத்தனை நாள் வேலை செய்தும் திரையில் பேர் வருவது இதுதான் முதல் தடவை.

என் மகள் பேர், சினிமாத் திரையில். டிக்கெட் கிழிக்கிறவனுக்குப் பல்லைக் காட்டி உள்ளே ஓடிய பயல் நான். எனக்கு இது.

என்ன படம் என்றேன். முதலில் பேச்சை மாற்றப் பார்த்தாள். பிறகு சொன்னாள். பேய்ப்படம்.

போச்சு. நான் மதிக்காத ஒரே வகை. கதவு கிறீச்சிடும், விளக்கு அணையும், பூனை குதிக்கும். பயமுறுத்துவது ஒரு திறமையா? பின்னால் நின்று 'பே' என்றால் யாரும்தான் பயப்படுவார்கள். இதைச் சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தேன்.

நவம்பர் 15, சனி

மழை. ரைட்டர் மாதேஸ்வரன் கடைக்குள் ஒதுங்கினார். வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவர். பைக்கை நிறுத்தி, தொப்பியைப் பிழிந்து, உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க பாய், சண்டப் படத்த உட்டா வேற என்னங்க இருக்குது?"

விடுவேனா. சண்டைப் படமே ஆனாலும் எனக்கு அந்த லாரி டிரைவர் கதைதான். இடைவேளைவரை நாயகன் ஒருத்தனையும் தொடுவதில்லை. கையை மட்டும் துடைத்துக்கொண்டே இருக்கிறான். எப்போது அடிப்பான், எப்போது அடிப்பான் என்று நம் கை ஊறும். அது படம். சிரிப்புப் படம் என்றால் ஒரே மண்டபத்தில் இரண்டு கல்யாணம் நடக்குமே, அது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சமையல்காரர். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த ரசக் காட்சியில் எனக்கு இருமல் வந்துவிடும். நீதிமன்றப் படத்தில் பாட்டே கூடாது. காதல் படத்தில் காதலைச் சொல்லவே கூடாது, சொன்ன உடனே படம் முடிந்துபோகிறது.

"நீங்க சொல்ற படத்துல எல்லாம் ஒண்ணுமே நடக்காதுங்க பாய்" என்றார். ரசனை கெட்ட மனிதர். ஆனால் இவர் வராத நாள் எனக்கு நாளாகவே இல்லை.

கிளம்பும்போது கேட்டார். "பாப்பா மெட்ராஸ்ல என்னங்க பண்ணுது?"

வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி நூர்ஜஹான் குரல். "கம்ப்யூட்டர் வேலைங்க."

வாயை மூடிக்கொண்டேன். இவளுக்கு அவள் அண்ணன் பயம். ஷமீனா கிளம்பும்போது சேலத்திலிருந்து வந்து "பொட்டப்புள்ளய சினிமாவுக்கா அனுப்பறீங்க?" என்று வீட்டுக்குள் கத்திவிட்டுப் போனார் மச்சான். அன்றிலிருந்து எல்லாருக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். பொய்யும் இல்லை, கம்ப்யூட்டரில்தானே செய்கிறாள் என்பாள்.

நவம்பர் 18, செவ்வாய்

பொட்டலம் போடும் கவர் தீர்ந்தது. மாரமங்கலத்துக்காரர் மிளகு கொண்டுவரவில்லை, பஸ் நின்றுவிட்டதாம்.

சனிக்கிழமை கடையை மூடிவிட்டுச் சேலம் போகலாம், காலைக்காட்சி என்றேன். இவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"பேய்ப்படத்துக்கு நான் வல்லீங்க."

"பேருக்காக."

"பேர நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க. யாராச்சும் பாத்து, அங்க போனாங்கன்னு எங்கண்ணங்கிட்டச் சொன்னா?"

நான் பாட்டுக்கு எல்லாரிடமும் சொல்லிவிடலாம். ஆனால் வீட்டுச் சண்டைக்கு நடுவில் அந்தப் பேர் வர வேண்டாம். எதற்கு மகிழ்கிறோம் என்று யாரிடமும் சொல்ல முடியாத மகிழ்ச்சி, பெட்டிக்குள் பூட்டி வைத்த பெருநாள் சட்டை மாதிரி.

நவம்பர் 20, வியாழன்

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

சாயங்காலம் இவளாகவே வந்து நின்றாள். "நம்ம புள்ள ஒத்தையா ஒரு ரூம்ல உக்காந்து மாசக்கணக்கா அந்தப் பேயப் பாத்துக்கிட்டிருந்திருக்குது. நான் ஒரு நாள் பாத்தா என்னங்க. வாறேன்."

வாங்க வேண்டியது: எலுமிச்சம்பழம் (பஸ்ஸில் இவளுக்கு ஒத்துக்கொள்ளாது), பேட்டரி, பொட்டலக் கவர்.

நவம்பர் 22, சனி

போய்வந்தாயிற்று. கொண்டை ஊசி வளைவு முழுக்க இவள் பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். கீழே சேலத்தில் நல்ல வெயில், ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டோம்.

தியேட்டர் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள்.

படம்: முதல் பாதி நன்று. பாழடைந்த பங்களா கிடையாது, சாதாரண வாடகை வீடு. பேயைக் காட்டவே இல்லை. இரண்டாம் பாதியில் காட்டினார்கள், கெடுத்தார்கள்.

இவள் விளக்கணைந்ததுமே முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். திரையில் அந்தப் பெண் தனியாக இருக்கிறாள், வெளியே மழை. மெல்ல ஒரு கதவு திறக்கும் சத்தம். முதலில் ஒரு முனகல், நடுவில் ஒரு சின்ன நிறுத்தம், அப்புறம் நீளமாக ஓர் இழுப்பு. தியேட்டரே மூச்சை அடக்கியது. முன்வரிசையில் ஒரு பையன் "ஐயோ" என்றான்.

இவள் என் கையைப் பிடித்தாள். பயம் என்று நினைத்தேன்.

"ஏனுங்க. நம்ம ஊட்டுச் சமையக்கட்டுக் கதவுங்க அது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெருநாளுக்கு வந்தபோது ஷமீனா ஒரு நாள் முழுக்கப் பின்கட்டில் மைக்கோடு உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள். பேசக்கூடாது என்று எங்களை வெளியே விரட்டினாள். தகரத்தில் விழுகிற அந்த மழையும் எங்கள் பின்கட்டுக் கொட்டகை மழைதான். கண்ணைத் திறந்து வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை, மூடியிருந்தவள் கண்டுபிடித்தாள்.

அதன்பின் இவள் முக்காடு விலகிவிட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைச் சாய்த்தாள். "அது நம்ம அம்மிங்க." "அந்தச் செருப்பு ஓச உங்களுதுங்க." அவ்வளவு கூட்டமும் எங்கள் வீட்டுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு.

படம் முடிந்தது. விளக்கு எரிந்தது, கதவைத் திறந்துவிட்டார்கள். எல்லாரும் எழுந்து திரையை மறைத்துக்கொண்டு நடக்கிறார்கள். பேர்கள் ஓடத் தொடங்கின. நான் எட்டி எட்டிப் பார்க்கிறேன், முதுகுகள்தான் தெரிகின்றன.

பக்கத்தில் இவள் எழுந்து நின்றாள். கறிக்கடையில் வரிசையைக் கலைத்தவர்களை அதட்டும் குரல்.

"சாமி, கண்ணுகளா, கொஞ்சம் உக்காருங்க. எம்புள்ள பேரு வருது."

முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண் உட்கார்ந்தாள். அவளோடு வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். வாசல்வரை போனவர்கள்கூட அங்கேயே நின்று திரும்பினார்கள். "என்ன பண்ணுனாங்கம்மா அவங்க?" என்றான் ஒருவன்.

"சத்தம்" என்றாள் இவள். "சினிமாவுல சத்தம் பண்ற வேல. அந்தக் கதவு எங்க ஊட்டுக் கதவுதான் சாமி."

கைதட்டினார்கள். பேர் வந்தது போலிருக்கிறது. நான் பார்க்கவில்லை. இவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மறுபடி மூட்டம். சுற்றுலாக் கூட்டம் அதிகம், காப்பித்தூள் தீர்ந்தது. வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். ரைட்டர் மாதேஸ்வரன் நாளை எஸ்டேட்டில் லீவு போட்டுப் போகிறாராம், சண்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம்.

ஷமீனா போன். "உள்ளதச் சொல்லுங்க அத்தா." சொன்னேன். இரண்டாம் பாதி சரியில்லை, பேயைக் காட்டியிருக்கக் கூடாது, கடைசிச் சண்டை தண்டம். சத்தத்தைப் பற்றிச் சொல்வதற்குப் பதில், போனைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக் கதவைத் திறந்து மூடினேன். புரிந்துகொண்டாள். "பேரு வந்துச்சா?" என்றாள். வந்தது கண்ணு என்றேன். அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும்.

பேய்ப்படம் பற்றி என் கருத்தில் சிறு மாற்றம். காட்டாத வரைக்கும் நல்ல வகை.

இவள் இப்போது அவள் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறாள். ஒரு மணி நேரமாகக் கதை சொல்கிறாள். "அந்தப் பேய் மேல ஒரு தப்பும் இல்லீண்ணா, அந்த ஊட்டுக்காரங்கதான் மோசம்." மச்சான் "அப்புறம்?" என்று கேட்பது எனக்கே கேட்கிறது. கதையில் இன்னும் இடைவேளையே வரவில்லை.