வல்லார்பாடத்துக்கு முன்னால்

அன்புள்ள அண்ணி,

ஆலுவாவில் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? நான் இன்று வேலைக்குப் போனேன். ஈரோட்டிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்களுக்கு மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு, மிளகு ஏற்றிப்போன கப்பல்கள் என்று எல்லாக் கதையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

பிறகு படகில் காயலைச் சுற்றினோம். வல்லார்பாடத்துக்கு முன்னால், தண்ணீரில் மண்டிய பாயல் செடிகளை வாரப் போன அண்ணனின் வள்ளம் கவிழ்ந்த இடத்தில், படகோட்டி தங்கப்பன் சேட்டன் இன்ஜினை நிறுத்தினார்.

"இங்க என்னம்மா விசேஷம்? ஒண்ணையும் காணோமே" என்றார் ஒரு பெரியவர்.

"ஒரு மினிட்டு சாரே. இவிட ஒண்ணும் கேக்கண்டா" என்றார் சேட்டன்.

ஏதோ பார்க்க வேண்டிய இடம் என்று நினைத்து எல்லோரும் வெறும் தண்ணீரைப் படம் எடுத்தார்கள்.

நேற்று ஃபோனில் நீங்கள் கேட்டபோது, "தேடிட்டிருக்காங்க அண்ணி" என்றேன். அதற்கு முன்பே தேடுவதை நிறுத்திவிட்டார்கள். வாயால் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கும் இன்னும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நம்மை மட்டும் அங்கே கூட்டிப்போவதாகச் சேட்டன் சொல்கிறார். வாருங்கள். தண்ணீரில் விடப் பூ வாங்கி வைக்கலாமா, வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள்
நாத்தனார்