முளைக்காத அறவிதை குறித்து ஆலங்கானத்துக்கு விடுத்த ஓலை

திருவும் திண்மையும் ஓங்குக. மழைவளம் மாறாத ஆலங்கானத்தைக் காக்கும் நகர்த்தலைவர், ஏழு மதகுகளுக்கு உரியவர், எழினி வேள் அவர்களின் சமூகத்துக்கு, வெண்குன்றப் பேரரசரின் அங்காடி நாயகம் இளம்பொறையன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கேணிகள் நிறைக, குடிகள் தழைக்க. மேலும் நலம் விசாரிக்க நாயகத்துக்கு நேரமில்லை, பொறுத்தருள்க.

வெள்ளை மேலாடை அணிந்த நால்வர், நோயாளர் சாலைக்கு அறம் திரட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, விதை வண்டிகளோடு தங்கள் நகரை நோக்கி வருகின்றனர். வீட்டு விதையைக் காணிக்கையாகக் கொடுத்தால் மாற்றாகச் சாலை விதை தருவோம் என்றும், அதை உழாமல், களையெடுக்காமல், தூவிவிட்டுப் படுத்துறங்கினாலும் அவரையும் சுரையும் கூரையேறிக் காய்க்கும் என்றும் இனிக்க இனிக்கப் பேசுவர். எம் மக்கள் வாயைப் பிளந்து கேட்டனர். உழைப்பும் மிச்சம், புண்ணியமும் ஆதாயம் என்றால் யார்தான் மறுப்பர்?

நெற்குன்றத்து நல்லி என்னும் உழத்தி நேற்று நாயகத்தின் வாயிலில் வந்து நின்றாள். விதைத்து இருபது நாளாகியும் கோரையைத் தவிர ஒன்றும் தலைகாட்டவில்லை என்றும், வீட்டு விதை முழுவதையும் கொடுத்துவிட்டமையால் இனி விதைக்க ஒரு மணியும் இல்லை என்றும், தன் பிள்ளைகள் தை மாதத்தில் எதைத் தின்பார்கள் என்பதை நாயகமே சொல்ல வேண்டும் என்றும் கேட்டாள். அவள் மடியில் எஞ்சியிருந்த சாலை விதையை நாயகம் உடைத்துப் பார்த்தால் உள்ளே உளுத்த மாவுதான் இருந்தது. விசாரித்ததில் அப்படியொரு நோயாளர் சாலையும் எங்கும் இல்லை.

குற்றம் யாருடையது என்பதை மறைத்துப் பயனில்லை. இந்நாட்டில் விதை விற்பவர் எவராயினும், ஈரத்துணியில் முளை காட்டிய பின்பே அங்காடி முத்திரை பெறுவர். அறப்பொருளைச் சோதிப்பது பாவம் என்ற பழைய வழக்கத்தால், அந்நால்வருக்கு மட்டும் நாயகம் சோதியாமல் முத்திரை இட்டார். தம் கையாலேயே இட்டார். அதை நினைக்க நினைக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவ்வோலையை எழுதுவிக்கும்போதே மும்முறை எழுந்துபோய் ஆலங்கானத்து வழியைப் பார்த்துவிட்டார்.

தங்கள் விதைப்புத் திருநாளுக்கு மூன்று நாளே உள்ளன. ஆகையால் பேரரசரின் பெயரால் வேண்டுவது: நால்வரையும் நகர வாயிலிலேயே நிறுத்துக. வண்டிகளின் அடியில் அவர்கள் மறைத்து வைத்திருக்கும் நல்ல விதை எம் மக்களுடையது. அதை இவ்வோலை கொணர்பவரிடம் ஒப்படைக்க. அறத்தின் பேரால் வருவதையும் இனி முளை பார்த்தே உள்ளே விடுக.

அவர்களின் கூடைகளில் அங்காடி முத்திரை இருக்கும். அது மெய்யானதே; ஆயினும் நம்பற்க. அதே முத்திரையை இங்கும் பதித்து, இதை மட்டும் நம்புக என்று வேண்ட நாயகத்துக்கு நா எழவில்லை. ஆதலின் இவ்வோலை முத்திரையின்றி வருகிறது. கொணர்பவள் நல்லியே. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்நால்வருக்குக் கதவடைக்க ஆணையிடுக.